செங்கோடனைப் பற்றி ஒரு வார்த்தை

"ஆள் எப்புடிங்க்கா?" என்று யாராவது போனில் கேட்டால் சித்ரா உடனே பதில் சொல்ல மாட்டாள். எழுந்துவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆளை எடை போட அவளுக்கு வராது. மேசைக்கும் வாசலுக்கும் நடுவே பத்தடி இருக்கும். அதில் ஒரு தடவை போய்த் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பாள். அதுவரை எடப்பாடியிலோ சங்ககிரியிலோ போனைக் காதில் வைத்திருக்கிற லாரிக்காரர் மூச்சு விடாமல் காத்திருப்பார். அவள் சொல்லப் போகிற ஒரு வார்த்தையை வைத்துத்தான் முப்பது டன் வண்டியின் சாவியை ஒருவன் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் அவள் வேலை பார்க்கிறாள். லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பது அந்த ஆபீசின் தொழில். டிரைவர் வேண்டுமென்றாலும் அங்கேதான் கேட்பார்கள். பக்கத்துக் கடை என்னுடையது. நம்பர் பிளேட், ஸ்டிக்கர், லாரிக்குப் பின்னால் எழுதுகிற வாசகம் எல்லாம் செய்து தருகிறேன். இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதற்குக் கதவு கிடையாது. இருபத்தோரு வருஷமாக அவள் பேசுவது என் காதில் விழுகிறது, நான் பேசுவது அவள் காதில் விழுகிறது. நான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் என்பதால் இந்த ஏற்பாட்டில் நஷ்டம் எனக்குத்தான்.

எங்கள் பக்கத்து லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விசாரிக்கிறார்கள் என்பதற்காக எந்த டிரைவரையும் யாரும் மட்டமாகச் சொல்லிவிட மாட்டார்கள். அவன் வீட்டு அடுப்பு நம் நாக்கில் எரிகிறது என்ற பயம். குடிக்கிறவனைக் குடிகாரன் என்று சொல்வதில்லை. தூங்கி வழிகிறவனைத் தூங்குமூஞ்சி என்று சொல்வதில்லை. நல்ல வார்த்தைகளிலேயே சின்னதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுப்பார்கள். கேட்கிறவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்த வழக்கத்தைச் சித்ரா ஒரு தராசு மாதிரி ஆக்கி வைத்திருந்தாள்.

"ஓட்டுவாருங்க" என்று அவள் சொன்னால் உள்ளூரில் ஜல்லி லோடு அடிக்க விடலாம், அதற்கு மேல் வேண்டாம். "பழக்கமிருக்குதுங்க" என்றால் கூடவே இன்னொருவரைப் போட்டு அனுப்பு. கெட்டிக்காரர் என்றால் வழியில் எது வந்தாலும் சமாளித்து வந்துவிடுவார். சாமர்த்தியக்காரர் என்றாலும் சமாளித்து வந்துவிடுவார், ஆனால் வந்ததும் டீசல் டேங்கை எட்டிப் பார்த்துக்கொள். "நல்ல மனுசனுங்க" என்றால் கதை முடிந்தது. வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கேட்டதற்கு மனசைப் பற்றிப் பதில் வந்தால் எந்த ஓனர் சாவி கொடுப்பார்?

கேரளாவுக்கு முட்டை லோடு போகிறதென்றால் பதனமான ஆள், அலுங்காமல் பத்திரமாகக் கொண்டுபோகிறவர், யார் என்று பார்ப்பாள். வடக்கே போகிற வண்டிக்கு நிதானமான ஆள். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"அதெப்புடிங்ணா ஒண்ணாகும்? பதனம் சரக்கு மேல இருக்கறது. நிதானம் ஆளுக்குள்ள இருக்கறது. முட்டைய எறக்குனா பதனமும் கூடவே எறங்கிரும். நிதானம் எறங்காது" என்றாள்.

துணிச்சல்காரர் என்று அவள் யாரையும் சொல்லிக் கேட்டதில்லை. லாரிக்கு எதுக்குத் துணிச்சல், சர்க்கஸா ஓட்டுகிறார்கள் என்பாள். திறமை என்ற வார்த்தையும் அவள் வாயில் வராது. "அது மேடையில துண்டு போத்தறப்ப சொல்றதுங்ணா. வண்டிக்கு ஆவாது." எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. டியூஷன் சென்டரோ டிரைவிங் ஸ்கூலோ யார் போர்டு எழுத வந்தாலும் நாலு இடத்தில் திறமையைப் போட்டு அனுப்புகிறவன் நான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருந்தாள். கேட்டால் சப்பென்று இருக்கும். "அவருக்கு ஓட்ட வருங்க." அவ்வளவுதான். ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு இருபது பேர். தெரிவது கற்றுக்கொண்டது. முடிவது உடம்பைப் பொறுத்தது. வருவது அப்படியில்லை. சிலருக்கு நீச்சல் வருகிற மாதிரி, சிலருக்குச் சமையல் வருகிற மாதிரி அது தானாக வந்து உட்காருகிறது. இருபத்தோரு வருஷத்தில் நாலே பேருக்குத்தான் அந்த வார்த்தையைக் கொடுத்திருக்கிறாள். முதல் ஆள் அவள் கூடப்பிறந்த அண்ணன் செங்கோடன். அண்ணன் என்பதற்காகக் கொடுத்தாள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சித்ரா எருமப்பட்டிப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி நாமக்கல்லுக்கு வந்தாள். மாப்பிள்ளை கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர், பூச்சிக்கும் தீங்கு நினைக்காத ஆள். மஞ்சள் காமாலை என்று படுத்தவர் பதினேழாம் நாள் போய்விட்டார். மகள் பிரவீனாவுக்கு அப்போது நாலு வயது. செங்கோடன் தங்கையைவிடப் பத்து வயது மூத்தவர். புக்கிங் ஆபீஸ் முதலாளி ராசப்பனின் வண்டியில் நாக்பூர் லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். காரியமெல்லாம் முடிந்த மறு மாதம், லோடு இறக்கிவிட்டு வந்த கையோடு தங்கையை ஆபீசுக்குக் கூட்டி வந்து நிறுத்தினார். அன்றைக்கு நான் அந்த ஆபீசுக்குப் புது போர்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைக்கு என்னப்பா வரும்?" என்று ராசப்பன் கேட்டார்.

"எழுத வருங்க. போன்ல பேச வருங்க. பொய் சொல்ல மட்டும் வராதுங்க" என்றார் செங்கோடன்.

ராசப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "புக்கிங் ஆபீசுல உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்ல வராட்டி எப்புடி? வண்டி சோலாப்பூர்ல நின்னாலும் ஓசூரத் தாண்டிருச்சுன்னு சொல்லோணுமே."

நானும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். செங்கோடன் சிரிக்கவில்லை. ராசப்பன் சும்மா ஒரு மாதம் பார்க்கலாம் என்று வேலை கொடுத்தார். முதல் வாரமே சித்ரா, லோடு கொடுத்த ஒரு பார்ட்டியிடம் "வண்டி இன்னும் கெளம்பவே இல்லீங்க" என்று சொல்லி ஆபீசை ரணகளமாக்கினாள். ஆனால் அந்தப் பார்ட்டி அடுத்த மாதத்திலிருந்து அவளிடம் மட்டும்தான் பேசுவேன் என்றது. பிறகு டிரைவர்களைப் பற்றிக் கேட்பதும் அவளிடமே என்று ஆகிவிட்டது. பிரவீனா இன்று கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். போதும் வா என்று கூப்பிடுகிறாள். சித்ரா போவதாக இல்லை. அவளுக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கிற சுபாவமே கிடையாது. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வந்த பெண் இத்தனை வருஷத்தில் நடந்தே பாதி இந்தியாவைத் தாண்டியிருப்பாள்.

அண்ணனும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்போது ஓட்டிக்கொண்டிருந்த வெளியூர் வண்டியை அதன் ஓனர் விற்றுவிட்டார் என்று சொல்லி வீட்டோடு இருக்க ஆரம்பித்தார். சர்க்கரையும் கூடியிருந்தது. கொஞ்ச நாள் ஓய்வு நல்லது என்று எல்லோரும் சொன்னோம். அவருக்கு ஓய்வெடுக்க வராது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. காலையில் ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று எந்த டிரைவர் எப்படி ரிவர்ஸ் எடுக்கிறான் என்று பார்ப்பார். பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். உட்காருவார் என்பது பேச்சுக்குத்தான். கால் ரெண்டும் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். இடது கை தொடையில் கியர் மாற்றும். மேடு ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பதைக்கூட என்னால் சொல்லிவிட முடியும்.

அண்ணி ஆராயி நாலு நாளைக்கு ஒருதரம் போன் போடுவாள். "ஊட்டுல ஒரு எடத்துல நிக்க மாட்டீங்கறாரு சித்ரா. நீயாச்சும் ஒரு வண்டி பாத்து ஏத்தி உடு." சித்ரா "பாக்கறனுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பாள். ஒருவர் உட்கார்ந்தபடி ஓட்ட, இன்னொருத்தி நடந்தபடி பேச, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தலை சுற்றும்.

ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டிருந்த நேரம். செங்கோடன் டீக்கடையிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சோலாப்பூர் டோல்கேட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. பாதம் முழுக்கச் சேறு, பெருவிரல் ஓரம் ஏதோ கிழித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் பாட்டுக்குப் பேசினார், சிரித்தார், பேப்பரை எடுத்துப் புரட்டினார்.

சித்ரா வெளியே போனாள். ஐம்பதடி தள்ளி, சாக்கடை ஓரத்தில் அந்தச் செருப்பு கிடந்தது. எடுத்து வந்து, குழாயில் கழுவி, அவர் வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். செருப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். கதை பாதியில் நின்றது.

"வாரு தேஞ்சு போச்சு. மாத்தோணும்" என்றார்.

வார் தேயவில்லை. நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றிலிருந்து அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த, மூன்று பேரும் பேசாத விஷயமாக இருந்தது. சர்க்கரை சிலருக்குக் கண்ணைப் பிடிக்கும், அவருக்குக் காலைப் பிடித்திருந்தது. பார்க்க ஆள் திடமாக இருப்பார். லைசென்ஸ் கையில் இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது. பாதம் மட்டும் எதில் இருக்கிறோம் என்று அவருக்குச் சொல்வதை நிறுத்திவிட்டது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை. செங்கோடன் பெஞ்சில் உட்காராமல் மேசைக்கு எதிரே வந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எடப்பாடி சரவணமுத்து ஒரு வண்டிக்கு ஆள் தேடறானாமா. நானே போன் போட்டுப் பேசிட்டேன். புதங்கெழம வாரான். உன்ற வார்த்தை ஒண்ணுதான் பாக்கி அம்மணி. எப்பவும் என்னையப் பத்தி என்ன சொல்லுவியோ அதச் சொல்லு, போதும்."

சரவணமுத்துவுக்கு மூன்று லாரி. எடப்பாடி விசைத்தறித் துண்டுகளைப் பேல் பேலாக வடக்கே கொண்டுபோகிறவர். அவருடைய அப்பா காலத்தில் செங்கோடன் அந்த வண்டிகளில் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார். தெரிந்த ஆள், தெரிந்த ரோடு. சித்ரா "வரட்டுங்ணா" என்றாள். அவர் போனதும் நடக்க ஆரம்பித்தவள் சாயங்காலம் ஷட்டர் இறக்குகிறவரை நிற்கவில்லை. இதில் இத்தனை யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வடக்கே போகிற வண்டி என்றால் சேலத்தைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய். திரும்புகிற லோடோடு அந்த இறக்கத்தில் வருகிற வண்டிக்குப் பிரேக்தான் உயிர். முன்னால் போகிற காரில் யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ.

மறுநாள் மத்தியானம் அவளே என் கடைக்கு வந்தாள். ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷினை நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்ணா, நீங்க வார்த்தையிலயே பொழைக்கறவரு. அண்ணனால முடியாதுங்கறத அவருக்கு வலிக்காம சொல்ற மாதிரி ஒரு வார்த்தை குடுங்க."

இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். "அனுபவசாலின்னு சொல்லிரு."

"கேட்ட நிமிசத்துல சாவியக் குடுத்துருவாங்க."

"மூத்த டிரைவர்?"

"அதுக்கும் சாவிதானுங்க."

"சரி, ஓய்வுல இருக்கறாருன்னு சொல்லு."

"எத்தன நாளைக்குன்னு கேப்பாங்க."

"தளர்ந்துட்டாருன்னு சொல்லேன்."

நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். "அவரா தளந்தாரு? பெஞ்சயே ஓட்டிக்கிட்டு இருக்கறாருங்ணா."

அலமாரியில் டவுன் பஸ் சீட்டுகளுக்கு மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒரு கட்டு இருந்தது. மாற்றுத்திறனாளிகள் என்று நானே வெட்டியது. என் கண் அதன்மேல் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"நல்ல வார்த்தைதானுங்க. ஆனா அண்ணனுக்குத் தெறன் எங்கியும் போகல, மாறவும் இல்ல. எல்லாம் அப்படியே இருக்குது. காலுதான் ஒத்துழைக்கல. அவரால அதத் தாங்க முடியலீங்ணா."

எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "அப்பறம் என்ன, வழக்கமா சொல்றதச் சொல்லிட்டுப் போ. நல்ல மனுசன்னு சொல்லு. சரவணமுத்துக்குப் புரிஞ்சுரும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அவள் என்மேல் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"நல்ல மனுசன்னு இதுவரைக்கும் நான் யாரச் சொல்லியிருக்கறேன்? கியர் மாத்தத் தெரியாதவன, காலையிலயே பாட்டலத் தொறக்கறவன. அந்த வரிசையில கொண்டுபோயி எங்கண்ணன நிறுத்தச் சொல்றீங்களா? முப்பது வருசமா ஒரு ஆடு மேல கூட ஏத்தாம ஓட்டுனவரு. அவரு அந்த பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாருங்க. எந்த வார்த்தைக்கு என்ன எடைன்னு என்னைய உட அவருக்குத்தான் தெரியும்."

"அப்படீன்னா வரும்னே சொல்லித் தொலை. ரெண்டு ட்ரிப் போயிட்டு அவரே இறங்கிக்குவாரு" என்றேன். இறங்கிக்கொள்வதற்கு முன்னால் என்ன ஆகும் என்பதை நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆபீசுக்குத் திரும்புவதற்குப் பதில் எதிர்ப்பக்கமாக நடந்து ரோட்டுக்கே போய்விட்டாள். ஒரு டேங்கர் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் திரும்பி வந்தாள்.

புதன்கிழமை சரவணமுத்து முதலில் என் கடைக்குத்தான் வந்தார். புது வண்டிக்கு நம்பர் பிளேட் சொல்லியிருந்தார். அது தயாராகிறவரை நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"செங்கோடண்ணன தெனமும் பாக்கறீங்கல்ல. ஆள் எப்புடிங்க இப்ப?"

எனக்கு யோசிக்க ஒரு நிமிஷம் இருந்தது. பிளேட்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவருக்கென்னங்க, திறமையான ஆளு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடை நின்றது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வார்த்தை எதற்கும் ஆகாது என்று அவள் சொன்னது சரி என்று அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொல்ல ஆளைப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. வெட்கமாக இருந்தது.

சரவணமுத்து பிளேட்டை அங்கேயே வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனார். செங்கோடன் அரை மணி நேரமாகப் பெஞ்சில் இருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மீசைக்கு மை. காலில் புதுச் செருப்பு, கணுக்காலைச் சுற்றிப் பின்வார் வைத்தது. கழன்று விழாது.

சரவணமுத்து வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். "அண்ணனப் பத்தி உங்ககிட்டக் கேக்கறதே தப்புத்தானுங்க்கா. ஆனா சித்ராக்கா ஒரு வார்த்தை சொல்லாம யாருக்கும் சாவி குடுக்காதேன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆள் எப்புடிங்க?"

சித்ரா எழுந்தாள். வாசல் வரை போனாள், வந்தாள். மறுபடி போனாள். மேசையில் போன் அடித்தது, எடுத்துக் கட் பண்ணிவிட்டு மூன்றாம் தடவையும் போய் வந்தாள். செங்கோடனின் இடது கை தொடைமேல் அசையாமல் இருந்தது. அவர் தங்கையைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணனுக்கு ஓட்ட வருங்க" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. செங்கோடன் தலை நிமிர்ந்தது. "என்ற சர்வீசுல அப்புடி வந்தவங்க நாலு பேருதான். மொத ஆளு இவரு. இன்னிக்கும் வருங்க, அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா இனிமே முடியாதுங்க. வலது காலுல உணர்ச்சி இல்ல. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம ஐம்பதடி நடந்து வந்தாரு. பிரேக்க மிதிச்சா அது அமுங்குச்சா இல்லையான்னு அந்தக் காலுக்குத் தெரியாதுங்க. சாவி குடுக்காதீங்க."

எங்கள் வரிசையில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஒரு டிரைவரைப் பற்றி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே, கொடுக்காதீங்க என்று வெட்ட வெளிச்சமாக. சரவணமுத்து சாவியைச் சத்தம் வராமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் வாரனுங்க" என்றார். செங்கோடன் தலையை ஆட்டினார். அவர் போன பிறகு இவரும் எழுந்தார். தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். என் கடையைத் தாண்டும்போது என்னையும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார்.

வியாழன் அவர் வரவில்லை. வெள்ளி, சனியும் வரவில்லை. சித்ரா மணிக்கொரு தரம் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஆராயிதான் ஒருமுறை எடுத்தாள். "படுத்தே கெடக்கறாரு. பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போகல. அப்புடி என்னத்தச் சொன்ன சித்ரா?" சித்ரா போனை வைத்துவிட்டு மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடப்பதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எருமப்பட்டியிலிருந்து ஒரு ஓனர் ஏதோ டிரைவரைப் பற்றிக் கேட்டபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே "எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த டிரைவரைப் பதினைந்து வருஷமாக அவளுக்குத் தெரியும்.

"இனிமே நான் யாரப் பத்தியும் சொல்றதா இல்லீங்ணா. ராசப்பண்ணங்கிட்டச் சொல்லிட்டு பிரவீனாகிட்டயே போயிர்றேன். வேற யாராச்சும் சொல்லிக்கட்டும்" என்றாள்.

திறமையான ஆள் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நான் நாலு தடவை ஜன்னல் வரை போனேன். நாலு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து செங்கோடன் இறங்கி வந்தார். மீசையில் மை இல்லை. அந்தப் பின்வார் செருப்பும் இல்லை, பழையதையே போட்டிருந்தார். வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். சித்ரா எழுந்து நின்றாள். மேசைமேல் போன் அடிக்க ஆரம்பித்தது.

"எடு அம்மணி. யாரோ ஆளக் கேக்கறாங்க."

அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"உன்னைய இங்க கொண்டாந்து உட்ட அன்னிக்கு ராசப்பண்ணங்கிட்ட நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "பொய் சொல்ல வராதுன்னு சொன்னேன். நாஞ்சொன்ன வார்த்தைய நானே மறந்துட்டு எனக்காக ஒண்ணு சொல்லச் சொல்லி வந்து நின்னம் பாரு."

"உங்களுக்குக் காலு இப்படின்னு எப்பத் தெரியுங்ணா?"

"ஓனரு வண்டிய வித்துப் போட்டாருன்னு சொன்னனல்ல. அவரு விக்கல. நாந்தான் சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன். கடேசி ட்ரிப்பு, தொப்பூர் எறக்கம். முன்னால ஒரு ஸ்கூல் வேன். பிரேக்க மிதிச்சேன். மிதிக்கறனா இல்லையான்னு எனக்குத் தெரியல சாமி. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டே குனிஞ்சு என்ற காலப் பாத்தேன். பாத்தாத்தான் தெரிஞ்சுது."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நான் ஜன்னல் ஓரத்துக்கு வந்தேன்.

"அப்பறம் எதுக்குங்ணா மறுக்கா ஏறோணும்னு நெனச்சீங்க?"

"ரெண்டு வருசம் சும்மா உக்காந்ததுல அந்தப் பயம் மறந்து போச்சு. ஆசை மட்டும் மறக்கல. ஆராயிகிட்டக்கூட வண்டி வித்துப் போச்சுன்னுதான் சொன்னேன். முடியாதுங்கறத எனக்குச் சொல்ல வரல அம்மணி. யாராச்சும் சொன்னாத் தேவலாமுன்னு இருந்துச்சு. நீ சொன்னப்ப நெஞ்ச அடச்சுது. ஆனா மொதல்ல வரும்னு சொன்ன பாத்தியா, அத நாலு நாளா நெனச்சுக்கிட்டே படுத்துக் கெடந்தேன்."

சித்ரா அழுதாள். கணவன் போன மறு மாதமே வேலைக்கு வந்த நாட்களில்கூட ஆபீசில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதாள். அவர் தடுக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. செங்கோடன் எட்டி அதை அவள் பக்கம் தள்ளிவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அந்தப் பக்கம் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் வாசல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள்.

"நிதானமான ஆளுங்க. நம்பிக் குடுக்கலாம்" என்றாள்.

அவள் போனை வைத்ததும் செங்கோடன் சொன்னார். "நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போயி இந்தக் காலக் காட்டோணும். எனக்குச் சொல்லத் தெரியாது. நீ கூட வந்து சொல்லு."

"வாரேனுங்ணா."

பிறகு அவர் எழுந்தார். எழுவதற்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நன்றாகக் குனிந்து, செருப்பு இரண்டும் காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.